காலை எடுத்த பிறகு

மலையிறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, பெட்ரோல் மிச்சம் என்று மகிழும் ஓட்டுநர்கள் நம்மிடையே ஏராளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர்கள் உண்டு; வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலும் உண்டு. அவர்களுடைய கணக்கு எளிமையானது. நியூட்ரலில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் முனகிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் கியரில் இறங்கினால் 3000 சுற்றில் அலறுகிறது. சத்தம் கூடினால் செலவும் கூடத்தானே வேண்டும்?

இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் நிலைமை இதற்கு நேர்மாறு. நியூட்ரலில் ஐடிலிங் ஓடும் சின்ன கார் ஒன்று மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கிறது. அதே கார் கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரை விட்டுக் காலை முழுக்க எடுத்த நிலையில் அலறிக்கொண்டு இறங்கும்போது குடிப்பது பூஜ்யம். இன்ஜெக்டர்கள் மூடியே கிடக்கின்றன. சரிவில் உருளும் சக்கரங்கள்தான் கியர்பாக்ஸ் வழியாக பிஸ்டன்களை மேலும் கீழும் இழுத்துத் தள்ளுகின்றன. இன்ஜின் அப்போது வெறும் காற்று பம்ப்.

அந்த பம்ப் ஓசியில் வேலை செய்வதில்லை என்பது இன்னொரு நன்மை. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1000 கிலோ எடையுள்ள கார், 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் சாலையில், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருகிறது. புவியீர்ப்பு அதைத் தள்ளும் திறன் ஏறத்தாழ 6.5 கிலோவாட். டயர் உராய்வும் காற்றும் ஒன்றரை கிலோவாட் வரை விழுங்கும். மீதி 5 கிலோவாட்டை யாராவது தின்றாக வேண்டும். இல்லாவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். நியூட்ரலில் விட்டால் அதைத் தின்பவை பிரேக் பேடுகள். தின்று சூடாகும், நாற்றமெடுக்கும், கடைசியில் பிடிக்க மறுக்கும். கியரில் விட்டால், த்ராட்டில் மூடிய 1.2 லிட்டர் இன்ஜின் 3000 சுற்றுக்குப் பக்கத்தில் தோராயமாக 5, 6 கிலோவாட்டைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. மலைப்பாதையில் ‘இரண்டாம் கியரில் செல்லவும்’ என்று பலகை வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அனுபவமே அதைச் சொல்லிவிடும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தருவது சுழலும் இன்ஜின்தான். அது நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

கால் எடுத்தவுடன் பெட்ரோலை நிறுத்தும் இந்த ஏற்பாடு கார் கம்ப்யூட்டருக்குள், அதாவது ஈசியுவுக்குள், சில எண்களாக இருக்கிறது. எந்தச் சுற்றுக்கு மேல் நிறுத்துவது, எந்தச் சுற்றில் திரும்பத் தருவது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்பவைதான் அந்த எண்கள். இன்ஜின் ட்யூனிங் செய்கிறவர்களில் பெரும்பாலோர் முழு த்ராட்டிலில் எத்தனை குதிரைத்திறன் வருகிறது என்பதில்தான் கண்ணாக இருப்பார்கள். கால் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பது கடைசியில், நேரமிருந்தால், தொடும் பகுதி. ஆனால் ஒரு கார் பண்பட்டதா முரடா என்பதைத் தினசரி ஓட்டத்தில் காட்டிக்கொடுப்பது இந்தப் பகுதிதான் என்பேன். பெட்ரோலை நிறுத்துவதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. திரும்பக் கொடுப்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

டீசல் வண்டிகளுக்கு இது எந்தக் காலத்திலும் புதிதல்ல. பழைய லாரிகளின் மெக்கானிக்கல் டீசல் பம்பில் ஒரு கவர்னர் இருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும், சுற்று ஐடிலிங்குக்கு மேலே இருக்கும்வரை அது டீசல் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். சுற்று இறங்கி வந்த பிறகுதான் மறுபடி திறக்கும். ஆக, லாரியை நியூட்ரலில் போட்டு மலையிறக்கும் பழக்கம் அந்தக் காலத்திலேயே நஷ்டக் கணக்குதான்.

சாதாரண கார்புரேட்டருக்கு இந்த வசதி கிடையாது. நிலைமை இன்னும் மோசம். அது காற்றின் உறிஞ்சலுக்குப் பணிந்து பெட்ரோல் கொடுக்கும் கருவி. கால் எடுத்தால் த்ராட்டிலுக்குப் பின்னால் வெற்றிடம் திடீரென்று கூடும். ஐடில் துளை வழியே பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். மேனிஃபோல்ட் சுவரில் ஒட்டியிருந்த பெட்ரோலும் ஆவியாகிச் சேர்ந்துகொள்ளும். சிலிண்டருக்குள் காற்று கொஞ்சம், பெட்ரோல் நிறைய என்ற நிலையில் தீ சரியாகப் பிடிக்காது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே வெளியேறும். சில நேரம் அங்கேயே தீப்பிடித்து ‘டப்’ என்று வெடிக்கும். பழைய கார்களில் த்ராட்டிலை மெதுவாக மூடவைக்கும் குட்டி டேஷ்பாட்டுகள் பொருத்தப்பட்டதற்கு இந்தப் புகையும் ஒரு காரணம். தொடக்க கால மெக்கானிக்கல் இன்ஜெக்ஷனிலும் சிக்கல் இருந்தது. 1950களின் புகழ்பெற்ற மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில், சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இன்ஜின் நிற்கும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். அது சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய் இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

1967-ல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரோனிக் வோக்ஸ்வாகன் 1600-ல் வந்தபோது கதை மாறியது. பெட்ரோல் தருவதா வேண்டாமா என்பதை மின்சாரம் தீர்மானிக்கும் முறை முதன்முறையாகப் பெரிய அளவில் தயாரிப்புக்கு வந்தது அப்போதுதான். வால்வுக்கு மின்துடிப்பு போனால் பெட்ரோல், போகாவிட்டால் இல்லை. த்ராட்டில் மூடியிருக்கிறது என்று சொல்ல ஒரு சுவிட்ச் போதும். இன்ஜின் சுற்று ஏற்கனவே தெரியும். இரண்டையும் சேர்த்தால் பெட்ரோலை நிறுத்தும் முடிவு தயார். அன்றைக்கு டிரான்சிஸ்டர்களால் ஆன சுற்றமைப்பு செய்த அதே முடிவை இன்றைக்கு மென்பொருள் எடுக்கிறது. நிபந்தனைகள்தான் பெருகிவிட்டன.

நிபந்தனைகளைப் பார்க்கத் திறந்த மூல ஈசியுக்கள் வசதியானவை. கார் நிறுவனங்களின் ஈசியுக்களுக்குள் இதற்கென்று பக்கம் பக்கமாக அட்டவணைகள் புதைந்திருக்கும். அர்டுயினோ மெகா பலகையை மூளையாகக் கொண்ட ஸ்பீடுயினோவில் ஐந்தே ஐந்து கட்டங்கள்: த்ராட்டில் அளவு, குறைந்தபட்ச இன்ஜின் சூடு, தாமதம், சுற்று வேகம், சுற்று இடைவெளி. பழைய காருக்குப் புது மூளை வைக்க விரும்புகிற ஆர்வலர்கள் இந்த ஐந்து கட்டங்களின் முன்னால்தான் முதலில் தடுமாறுகிறார்கள்.

த்ராட்டில் அளவில் ஆரம்பிப்போம். கால் எடுக்கப்பட்டதா என்பதை ஈசியு த்ராட்டில் சென்சாரிலிருந்து அறிகிறது. சென்சார் சொல்லும் ‘மூடியது’ ஒரு மின்னழுத்தம். அதில் எப்போதும் கொஞ்சம் நடுக்கம் இருக்கும். சூட்டில் கேபிள் இறுகலாம், த்ராட்டில் தட்டில் கரி படிந்து முழுக்க மூடாமல் நிற்கலாம். வரம்பை அரை சதவீதம் என்று இறுக்கமாக வைத்தால் பெட்ரோல் நிறுத்தம் நடக்கவே நடக்காது, யாருக்கும் அது தெரியவும் தெரியாது. 8 சதவீதம் என்று தளர்த்தினால், நெரிசலில் பெடலைப் பூப்போலத் தொட்டுக்கொண்டு ஊர்ந்து போகிறவரின் காலுக்கடியில் இன்ஜின் செத்துச் செத்துப் பிழைக்கும். மூடிய நிலையின் நடுக்கத்தை அளந்து பார்த்து, அதற்கு ஒன்றிரண்டு சதவீதம் மேலே வைப்பதுதான் வழக்கம்.

மெகாஸ்க்விர்ட் போன்ற ஈசியுக்களில் இதோடு மேனிஃபோல்ட் அழுத்தமும் கேட்கப்படும். இது புத்திசாலித்தனமான கேள்வி. ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் 35, 40 கிலோபாஸ்கல் அழுத்தம் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 100. சக்கரங்கள் இன்ஜினை இழுத்துச் சுற்றும்போது அது 20, 25-க்கு இறங்கிவிடும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சாதாரண ஓட்டத்தில் பார்க்கவே முடியாது. இன்ஜின் காரை இழுக்கிறதா, கார் இன்ஜினை இழுக்கிறதா என்பதற்கு இதைவிட நம்பகமான சாட்சி இல்லை.

சூட்டு நிபந்தனைக்குக் காரணம் காலைக் குளிர். குளிர்ந்த இன்ஜினை ஈசியு வேண்டுமென்றே 1200, 1300 சுற்றில் ஓடவைக்கிறது. நிறுத்தும் வரம்பும் அந்தப் பக்கத்திலேயே இருந்தால், நின்ற இடத்திலேயே பெட்ரோல் போவதும் வருவதுமாக இன்ஜின் தள்ளாடும். கூலன்ட் 60, 70 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான் நிறுத்தம் என்று வைப்பது அதனால்தான். தாமதம் என்பது கியர் மாற்றத்துக்காக. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும் அரை நொடியில் பெட்ரோலை நிறுத்தித் திரும்பத் தருவதால் சேமிப்பு ஒன்றுமில்லை, குலுக்கல்தான் மிச்சம்.

இதுவரை சொன்னவை எளிய பகுதி. இனி திரும்பக் கொடுப்பது.

ஐடிலிங் 850 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் திரும்புவதை 900-க்கு வைத்தால் சேமிப்பு அதிகம், தாளில். சாலையில் என்ன நடக்கும்? 3000 சுற்றில் இறங்கி வரும் ஓட்டுநர் சிக்னலைப் பார்த்து கிளட்சை மிதிக்கிறார். அந்த நொடியில் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்த சக்கரங்கள் கழன்றுகொள்கின்றன. பெட்ரோலும் இல்லை, சக்கரமும் இல்லை; சுற்று கல் விழுவதுபோல் விழுகிறது. 900-ல் இன்ஜெக்டர் திறந்தாலும் பீய்ச்சிய பெட்ரோல் உள்ளே போய், அழுந்தி, எரிந்து விசை தருவதற்குள் சுற்று 500-க்குப் போயிருக்கும். சில நேரம் இன்ஜின் முக்கி முனகி எழும். சில நேரம் அணைந்தே போகும். இதில் ஏசி ஓடிக்கொண்டிருந்தால் கம்ப்ரஸர் சுமையும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். கார் நிறுவனங்களின் மென்பொருள் சுற்று எவ்வளவு என்பதோடு அது எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதையும் பார்க்கிறது. வேகமாக விழுந்தால் 1800-லேயே பெட்ரோலைத் திறந்துவிடும். மெதுவாக இறங்கினால் 1200 வரை காத்திருக்கும். அந்த வசதியில்லாத எளிய ஈசியுவில் ட்யூனர் மோசமான சூழ்நிலையை நினைத்து ஒரே எண்ணை வைக்க வேண்டும். அதனால் எண் மேலே ஏறும்; சேமிப்பு கொஞ்சம் குறையும். அதில் தவறில்லை. சிக்னலில் அணையும் காரில் மிச்சமான 10 மில்லி பெட்ரோலுக்காக யாரும் நன்றி சொல்லப்போவதில்லை.

இனி ஐந்தாவது கட்டம், சுற்று இடைவெளி. நிறுத்துவதும் திரும்பத் தருவதும் ஒரே எண்ணில் இருக்கக்கூடாது. 1500-ல் நிறுத்தி 1500-லேயே கொடுத்தால், கொடுத்தவுடன் சுற்று 1510-க்கு ஏறும், மறுபடி நிற்கும், 1490-க்கு இறங்கும், மறுபடி வரும். கார் நொண்டிக்கொண்டே போகும். 1700-ல் நிறுத்தி 1300-ல் கொடுத்தால் இந்த ஆட்டம் நடக்காது. தானியங்கி கியர்பாக்ஸ் கார்களுக்கு இன்னொரு ஏற்பாடும் வேண்டும். டார்க் கன்வர்ட்டர் எண்ணெய் வழியாக விசையைக் கடத்துவதால், கால் எடுத்ததும் சக்கரத்தோடு இன்ஜினுக்கு இருக்கும் பிடி தளர்ந்து சுற்று சரியும். பெட்ரோல் சீக்கிரமே திரும்பிவிடும். அதைத் தடுக்க, இறக்கத்தில் கன்வர்ட்டரின் பூட்டு கிளட்சை ஈசியு பிடித்தே வைத்திருக்கிறது.

சரி, இன்ஜின் அணையவில்லை, நொண்டவும் இல்லை. ஆனாலும் பெட்ரோல் திரும்பும் கணத்தில் முதுகில் லேசாக ஒரு குத்து விழுகிறதே, அது ஏன்?

காரணம் இரண்டு. முதலாவது ஈரம். போர்ட் இன்ஜெக்ஷன் கார்களில் இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோல் முழுவதும் நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. ஒரு பகுதி இன்டேக் வால்வின் முதுகிலும் போர்ட் சுவரிலும் படலமாக ஒட்டுகிறது. ஏற்கனவே ஒட்டியிருந்ததில் ஒரு பகுதி ஆவியாகி உள்ளே போகிறது. சீரான ஓட்டத்தில் ஒட்டுவதும் ஆவியாவதும் சமம் என்பதால் கணக்கு தீர்ந்துவிடும். பெட்ரோல் நின்ற சில நொடிகளில் அந்தப் படலம் சுத்தமாக வற்றிவிடுகிறது. திரும்ப வரும் முதல் சில பீய்ச்சல்களுக்கு நேர்வது, காய்ந்து கிடந்த மண்பானையில் ஊற்றும் முதல் செம்புத் தண்ணீருக்கு நேர்வதுதான்: கொஞ்சத்தைப் பானையே குடித்துவிடும். சிலிண்டருக்குப் போதாது, ஒன்று பற்றும், ஒன்று பற்றாது. 1981-ல் ஃபோர்டு நிறுவனத்தின் அக்கினோ இந்த ஈரத்தை இரண்டே எண்களில் அடக்கினார்: பீய்ச்சியதில் எத்தனை பங்கு சுவரில் ஒட்டுகிறது, ஒட்டியது ஆவியாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது. இன்றைக்கும் பெரும்பாலான ஈசியுக்கள் அந்த மாதிரியின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும்தான் வைத்திருக்கின்றன. நிறுத்தம் எத்தனை நொடி நீடித்தது என்று எண்ணி, அதற்கேற்ப முதல் சில பீய்ச்சல்களைக் கூட்டித் தருவது அதன் நடைமுறை வடிவம். நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் இன்ஜின்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. எத்தனால் கூடுதலாகக் கலந்த இ20 பெட்ரோலுக்கு இது கொஞ்சம் கூடுதல். எத்தனால் ஆவியாவதற்கு அதிக வெப்பம் கேட்கும், ஒரே அளவு காற்றுக்கு அளவிலும் கூடுதலாக வேண்டும். சாதாரண பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்கு 13.5 பக்கத்தில் வரும்.

இரண்டாவது காரணம் விசையின் படிக்கட்டு. நிறுத்தத்தில் இன்ஜின் காரைப் பின்னுக்கு இழுக்கிறது. பெட்ரோல் வந்ததும் அந்த இழுப்பு சட்டென்று விலகுகிறது. கியர் பற்களுக்கு இடையே எப்போதும் கொஞ்சம் இடைவெளி உண்டு. விசை திசை மாறும்போது பற்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவி மோதுகின்றன. அதோடு ஆக்ஸில் தண்டுகள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நொடிக்கு சில தடவை முன்னும் பின்னும் ஆடும். நமக்கு அது ‘டொக்’ என்ற சத்தமும் தலையாட்டலுமாக வந்து சேர்கிறது. முதல், இரண்டாம் கியர்களில் இது அதிகம், காரணம் அங்கே இன்ஜின் விசை பலமடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது.

இதற்கு மருந்து பெட்ரோலில் இல்லை, ஸ்பார்க்கில் இருக்கிறது. பெட்ரோலைக் கொடுப்பது கொடுக்காதது என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே படிகள் கிடையாது. மிகவும் மெலிந்த கலவை எரியவே எரியாது. ஆனால் ஸ்பார்க் டைமிங்கைப் பின்தள்ளினால் அதே பெட்ரோல் குறைந்த விசையைத் தரும். அதனால் நன்றாக ட்யூன் செய்யப்பட்ட ஈசியு, நிறுத்துவதற்கு முன் சில சுழற்சிகளில் டைமிங்கைப் படிப்படியாகப் பின்தள்ளி விசையைக் கீழே இறக்கிவிட்டுப் பிறகு இன்ஜெக்டரை மூடும். திரும்பத் தரும்போது பின்தள்ளிய டைமிங்கிலேயே ஆரம்பித்து மெல்ல முன்னே கொண்டுவரும். சில கார்கள் நான்கு சிலிண்டரையும் ஒன்றாகத் திறக்காமல் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. 1500 சுற்றில் நான்கு சிலிண்டர் இன்ஜினில் நொடிக்கு 50 எரிப்பு நடக்கிறது என்பதால் இந்த மொத்த நாடகமும் அரை நொடிக்குள் முடிந்துவிடும். அதே ஓட்டுநர் வேகமாக முந்துவதற்காகப் பெடலை அழுத்தினால் இந்த மென்மைக்கெல்லாம் நேரமில்லை. அப்போது குத்தைப் பொறுத்துக்கொண்டு விசையை உடனே கொடுக்க வேண்டும். பெடல் எவ்வளவு வேகமாக அழுத்தப்படுகிறது என்பதைப் பார்த்து ஈசியு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

புகைக்குழாயின் பக்கம் போனால் வேறொரு கணக்கு ஓடுகிறது. இன்ஜின் காற்று பம்ப் ஆகிவிட்டால் சைலன்சருக்குப் போவது சுத்தமான காற்று. வழியில் இருப்பது கேட்டலிடிக் கன்வர்ட்டர். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிப்பதற்காக அதில் சீரியம் ஆக்சைடு என்ற பொருள் ஆக்ஸிஜனைச் சேமித்து வைக்கும். நிறுத்தத்தின் சில நொடிகளிலேயே அந்தக் கிடங்கு விளிம்புவரை நிரம்பிவிடுகிறது. இப்போது பெட்ரோல் திரும்பி வந்து எரிப்பு தொடங்கினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். அவற்றைப் பிரித்து நைட்ரஜனாக்க, கன்வர்ட்டரில் ஆக்ஸிஜன் உட்கார இடம் காலியாக இருக்க வேண்டும். இடமில்லையென்றால் அவை அப்படியே வெளியே போகும். எனவே நிறுத்தம் முடிந்தவுடன் ஈசியு சில நொடிகள் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகப் பெட்ரோல் தந்து அந்தக் கிடங்கைக் காலிசெய்கிறது. சேமித்ததில் ஒரு துளியை இங்கே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அரை நொடி நிறுத்தங்களால் லாபமில்லை என்று மேலே தாமதத்தைப் பற்றிச் சொன்னதற்கு இதுவும் சேர்ந்த காரணம்.

கன்வர்ட்டர் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது, உதாரணமாக நீண்ட ஏற்றத்தை முழு வேகத்தில் ஏறி முடித்தவுடன், காற்றை அனுப்புவது அதற்கு ஆகாது. அதிக வெப்பமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் உள்ளே பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, வேலை செய்யும் பரப்பு குறைந்துபோகும். கன்வர்ட்டரின் வெப்பத்தைக் கணித்து, அது வரம்புக்கு மேல் இருந்தால் நிறுத்தத்தை மறுக்கும் நிபந்தனை நிறுவன ஈசியுக்களில் இருக்கும். ஆர்வலர்களின் ஐந்து கட்டங்களில் அது இல்லை.

நிறுத்தத்தின் அமைதியை ஈசியு வேறு வேலைகளுக்கும் பயன்படுத்திக்கொள்கிறது. குழாயில் ஓடுவது வெளிக்காற்று. அதில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் என்பது தெரிந்த விஷயம். ஆக்ஸிஜன் சென்சார் அதைச் சரியாகச் சொல்கிறதா, எவ்வளவு சுறுசுறுப்பாகச் சொல்கிறது என்று சோதிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. கிராங்க் தண்டின் சுழற்சியை அளக்கும் பல் சக்கரத்தில், வழக்கமாக 60 பல்லில் இரண்டை விட்டுவிட்ட 58 பல், தயாரிப்பில் நேர்ந்த நுண்ணிய பிசகுகள் இருக்கும். எரிப்பின் உதைகள் இல்லாத இந்த நொடிகளில் ஈசியு அந்தப் பிசகுகளை மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு எந்தச் சிலிண்டர் ஒருமுறை பற்றாமல் போனாலும் அந்தத் துல்லியத்தால் பிடித்துவிடும். காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் மலிவான கருவி உங்களிடம் இருந்தால், எரிபொருள் அமைப்பின் நிலை என்ற வரியைப் பாருங்கள். கால் எடுத்து இறங்கும்போது அது 2-லிருந்து 4-க்கு மாறும். அதிக சுமைக்கும் வேகக்குறைப்பு நிறுத்தத்துக்கும் ஓபிடி விதிமுறை ஒரே எண்ணைத்தான் கொடுத்திருக்கிறது. பெடலில் கால் இல்லாதபோது வரும் 4 எதைக் குறிக்கிறது என்பதில் சந்தேகம் வராது.

நீண்ட இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பின்னால் நீலப்புகை வருகிறது என்று சொல்லும் பழைய கார்க்காரர்கள் உண்டு. அழுத்தம் 20 கிலோபாஸ்கலுக்கு இறங்கிய வெற்றிடம் பிஸ்டன் ரிங்குகளையும் வால்வு சீல்களையும் தாண்டி எண்ணெயை உறிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். ரிங் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். நிறுத்தத்தின்போது த்ராட்டிலையோ ஐடில் வால்வையோ ஈசியு கொஞ்சம் திறந்து வைப்பது இதைக் கட்டுப்படுத்தத்தான். இன்ஜின் பிரேக் கொஞ்சம் குறையும். பெட்ரோல் திரும்பும்போது எரிப்புக்குத் தேவையான காற்றும் தயாராக இருக்கும்.

இப்போதைய ஒரு மோகத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனமில்லை. கால் எடுத்ததும் சைலன்சரில் பட்டாசு வெடிக்க வேண்டும் என்று கேட்டு வருகிற இளைஞர்கள் கூடிவிட்டார்கள். செய்வது என்ன தெரியுமா? மேலே சொன்ன அத்தனை வேலையையும் தலைகீழாக்குவது. நிறுத்தத்தை அணைத்துவிடுவார்கள், அல்லது பல நொடி தள்ளிப்போடுவார்கள், பெட்ரோலைக் கூட்டுவார்கள், ஸ்பார்க்கை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்தை ஒட்டித் தள்ளிவிடுவார்கள். சிலிண்டருக்குள் எரிய வேண்டியது குழாய்க்குள் எரிகிறது. டர்போ இருந்தால் அதன் சக்கரமும், பிறகு கன்வர்ட்டரின் செராமிக் தேன்கூடும் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. தேன்கூடு உருகி அடைத்துக்கொண்ட கார் புகையை வெளியேற்ற முடியாமல் இழுவையை இழக்கும். பந்தயக் கார்களில் டர்போவைச் சுழலவைத்திருக்க இதைப்போல ஒன்றைச் செய்வதுண்டு. அவர்கள் டர்போவை அடிக்கடி மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் பொறியாளர்கள் படாத பாடுபட்டு ஒழித்த ‘டப்’ சத்தத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவது எனக்கு விளங்காத ரசனை.

மொத்தத்தில் எவ்வளவுதான் மிச்சமாகும்? நகரத்தில் ஒரு மணி நேர ஓட்டத்தில் 6 நிமிடம் நிறுத்தம் நடந்ததாக வைத்துக்கொண்டால், சேமிப்பு 100 மில்லிக்கு உள்ளேதான். மலையிறக்கத்தில் அது பெருகும். நேரான நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. மெல்லிய சரிவுகளில் நியூட்ரல் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே இன்ஜின் பிரேக் காரைத் தேவைக்கு மேல் பிடித்து நிறுத்தும். இழந்த வேகத்தை மீட்கப் பெட்ரோல் செலவாகும். சில ஐரோப்பியத் தானியங்கிக் கார்கள் இப்படிப்பட்ட இடத்தில் தாமாகவே கிளட்சை விடுவித்து மிதந்து போகின்றன. சரிவு கூடினாலோ பிரேக் தொட்டாலோ மறுபடி பிடித்துக்கொள்கின்றன. அதை ஓட்டுநர் கையால் செய்வதற்கும் கம்ப்யூட்டர் செய்வதற்கும் உள்ள வேறுபாடு, அடுத்த வளைவில் கியர் விழுமா என்ற கவலை கம்ப்யூட்டருக்கு இல்லை என்பது. லேசான ஹைபிரிட்கள் வேறு வழி கண்டன. 2015-ல் மாருதி சியாஸில் வந்த அமைப்பு, கால் எடுத்த நேரத்தில் ஸ்டார்ட்டராகவும் இருக்கும் ஜெனரேட்டரைக் கொண்டு பேட்டரியை ஏற்றிக்கொள்கிறது. பெட்ரோல் நின்றிருக்கும்போது வரும் மின்சாரம் என்பதால் அது கிட்டத்தட்ட இலவசம்.

சொந்தக் காரில் இந்த எண்களைத் தொட நினைக்கிறவர் வரிசையை மாற்றக்கூடாது. முதலில் ஐடிலிங் உறுதியாக நிற்க வேண்டும். பிறகு எரிபொருள் அட்டவணை. அதைச் சரிசெய்யும்வரை நிறுத்தத்தை அணைத்தே வைத்திருப்பது நல்லது. அட்டவணையைத் தானே திருத்தும் மென்பொருள், நிறுத்தத்தின்போது குழாயில் வெறும் காற்றைப் பார்த்துவிட்டு ‘இங்கே பெட்ரோல் போதவில்லை’ என்று முடிவுகட்டி அந்தக் கட்டங்களில் வாரி இறைத்துவிடும். இரண்டும் அடங்கிய பிறகு நிறுத்தத்தைத் திறந்து, வரம்பைத் தாராளமாக மேலே வைத்து, ஈசியு தரும் ஓட்டப் பதிவைப் பார்த்துப் பார்த்து 100 சுற்று 100 சுற்றாகக் கீழே கொண்டுவர வேண்டும். பதிவில் பார்க்க வேண்டியது பெட்ரோல் திரும்பிய கணத்துக்குப் பின்னால் வரும் ஒரு நொடியை: சுற்று ஐடிலிங்குக்குக் கீழே எவ்வளவு தாழ்ந்தது, ஆக்ஸிஜன் சென்சார் எவ்வளவு நேரத்தில் நிலைக்கு வந்தது.

கடைசிச் சோதனை வெயிலில்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஏசி முழு வேகத்தில், ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, ஆளில்லாத மைதானத்தில் இரண்டாம் கியரில் 3500 சுற்றுக்கு ஏற்றிக் காலை எடுங்கள். நிறுத்தம் நடக்கட்டும். 1500-ஐ நெருங்கும்போது கிளட்சை மிதித்து, அதே நேரத்தில் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். பவர் ஸ்டியரிங்கின் சுமையும் சேர்ந்து விழும் அந்த நேரத்தில் இன்ஜின் ஒரு முறைகூடத் திணறாமல் 850-ல் போய் உட்கார்ந்தால், திரும்பக் கொடுக்கும் எண் சரி. திணறினால் இன்னும் 100 சுற்று மேலே.